சோலார் பேனலுக்குத் தாமரை இலைப் பூச்சு: ப்ராஜெக்ட்டாக எடுக்கலாமா?

கேள்வி: மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இறுதியாண்டு படிக்கிறேன். வீட்டு மாடியிலுள்ள சோலார் பேனலில் ஓயாமல் தூசி படிகிறது. தாமரை இலையில் அழுக்கு ஒட்டாததுபோல் பேனல் கண்ணாடிக்கு ஒரு பூச்சு தயாரித்து, அதையே ப்ராஜெக்ட்டாகச் செய்ய முடியுமா? எங்கே தொடங்குவது?

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் எடுத்தவுடன் பூச்சு கலக்கப் போகாதீர்கள். இலை எப்படி வேலை செய்கிறது என்பதோடு, எந்தச் சூழலில் அது தோற்றுப்போகிறது என்பதையும் முதலில் பாருங்கள். இயற்கையைப் பார்த்து வடிவமைக்கும் ப்ராஜெக்ட்டுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காததால்தான் வீணாகின்றன.

தாமரை இலை அழுக்காகாததன் காரணத்தை ஜெர்மனியின் பார்த்லாட், நைன்ஹுயிஸ் என்ற தாவரவியலாளர்கள் 1997-இல் விளக்கமாக எழுதினார்கள். இலைப்பரப்பு முழுக்க மைக்ரான் அளவில் நுண்மேடுகள். அந்த மேடுகளின் மேல் நானோமீட்டர் அளவில் மெழுகுக் குழல்கள். நீர்த்துளி நுனிகளை மட்டும் தொட்டுக்கொண்டு, இடையில் சிக்கிய காற்றின்மேல் உட்காருகிறது. தொடுகோணம், அதாவது துளியின் ஓரம் பரப்போடு துளிக்குள் செய்யும் கோணம், ஏறக்குறைய 160 டிகிரி. இது கூடக்கூடத் துளி பரவாமல் உருண்டையாக நிற்கும். வழவழப்பான பரப்பில் எதைப் பூசினாலும் 120 டிகிரியைத் தாண்டுவது அரிது. ஆகவே மெழுகுத்தன்மை மட்டும் போதாது, மேடுபள்ளமும் வேண்டும். துளி வழுக்காமல் உருண்டு ஓடுவதால்தான் வழியிலுள்ள தூசியையும் வாரிக்கொண்டு போகிறது.

தாமரை இலை கிடைக்காவிட்டால் சேம்பிலை போதும். அதன்மேல் கொஞ்சம் சாம்பலைத் தூவி, இலையைச் சாய்த்து ஒரு சொட்டு நீர் விடுங்கள். சொட்டு சாம்பலை வாரிக்கொண்டு ஓடும். அடுத்து ஓரிடத்தை விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு, அங்கே சொட்டு விடுங்கள், நின்றுவிடும். வேறோரிடத்தில் துளி எண்ணெய் விட்டால் அது பரவி ஒட்டிக்கொள்ளும். கடைசியாக ஒரு புது இலையைக் கொதிநீரின் ஆவியில் சில நிமிடம் பிடியுங்கள். ஆவி மேடுகளுக்கிடையே குளிர்ந்து நீராவதால், காற்று இருக்க வேண்டிய இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். இந்தத் துளிகள் எளிதில் உருளாது.

உங்கள் பேனலுக்கு நேர்வதும் இந்தக் கடைசிச் சோதனைதான். இரவில் பனி படிந்து தூசியைக் குழைக்கிறது. காலை வெயில் அதைக் காயவைத்து இறுக்குகிறது. மழையில்லா மாதங்களில் உருண்டோட நீரே இல்லை. விரல் பட்டு மெழுகு போனாலும் உயிருள்ள இலை மீண்டும் மெழுகு சுரந்துகொள்ளும்; உங்கள் பூச்சு சுரக்காது. ஆகவே “கழுவவே வேண்டாத பேனல்” என்று தலைப்பு வைக்காதீர்கள். “குறைந்த நீரில் கழுவ முடியுமா?” என்பதே அளந்து பதில் சொல்லக்கூடிய கேள்வி.

இன்னொரு சிக்கல் ஒளி. இலையில் உள்ளதுபோல் 10 மைக்ரான் அளவு மேடுகளைக் கண்ணாடியில் உருவாக்கினால் அது ஒளியைச் சிதறடித்துப் பால்போல் வெளுத்துவிடும். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. மேடுகள் 100 நானோமீட்டருக்குள் அடங்க வேண்டும். தாமரையின் கொள்கையைத்தான் எடுக்கலாம், அளவை எடுக்க முடியாது.

தயாரிப்புக்கு 75 × 25 மி.மீ. மைக்ராஸ்கோப் ஸ்லைடுகள் போதும். சோப்புநீரில் கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். 100 மி.லி. ஆல்கஹாலில் நீர் விலக்கும் வகை ஃபியூம்டு சிலிகா (மிக நுண்ணிய சிலிகாத் தூள்) 1 கிராம் போட்டு, அல்ட்ராசானிக் பாத்தில் (மீயொலி அதிர்வால் கலக்கும் தொட்டி) 20 நிமிடம் கலக்கி, ஸ்லைடை முக்கியெடுத்துக் காயவிடுங்கள். இது அழகாக வேலை செய்யும், ஆனால் டிஷ்யூ பட்டாலே உதிரும். உதிராமலிருக்க ஆல்கஹாலில் கலக்கும் சிலிகேட் பைண்டர் (தூளைக் கண்ணாடியோடு ஒட்டவைக்கும் பொருள்) சேர்க்க வேண்டும். குறைந்தால் உதிரும், கூடினால் மேடுகளை மூடி வழவழப்பாக்கிவிடும். பைண்டர் அளவைப் படிப்படியாக மாற்றி இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள அளவைத் தேடுவதுதான் ப்ராஜெக்ட்டின் உயிர்நாடி. நேரத்தை அங்கே செலவிடுங்கள். சிலிகாத் தூள் மூச்சில் போகக்கூடாது, ஆல்கஹால் தீப்பற்றும்: மாஸ்க் போட்டு, கல்லூரி லேபின் ஃபியூம் ஹூடில் மட்டும் செய்யுங்கள்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். யு-100 இன்சுலின் சிரிஞ்சில் ஒரு யூனிட் என்பது 10 மைக்ரோலிட்டர். அந்தத் துளியைப் பக்கவாட்டில், துளியின் மட்டத்திலேயே மொபைலை வைத்துப் படமெடுத்தால் தொடுகோணத்தை அளக்கலாம். துளி உருளத் தொடங்கும் சாய்வை, அதாவது உருளும் கோணத்தை, அளக்க 30 செ.மீ. பலகை போதும், ஒரு முனையை 5.2 செ.மீ. தூக்கினால் 10 டிகிரி. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பேனல் சாய்வும் பெரும்பாலும் அதையொட்டியே இருப்பதால், துளி 10 டிகிரிக்குள் உருளாவிட்டால் மாடியில் பயனில்லை. நின்ற துளி காய்ந்து போர்வெல் நீரின் உப்புக்கறையை விட்டுப்போகும்.

வீட்டுப் பேனலில் எதையும் பூசாதீர்கள். அதன் கண்ணாடியில் ஏற்கெனவே ஒளிப்பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இருக்கலாம், வாரண்டியும் போகலாம். ஒரே மாதிரி இரண்டு 10 வாட் பேனல்கள் வாங்கி, இரண்டின்மேலும் தனிக் கண்ணாடி வைத்து, ஒன்றின் கண்ணாடிக்கு மட்டும் பூசுங்கள். பூசுவதற்கு முன்பே நண்பகலில் இரண்டின் ஷார்ட் சர்க்யூட் கரண்ட்டையும் (பேனலின் இரு முனைகளையும் நேரடியாக இணைத்தால் ஓடும் மின்னோட்டம்; விழும் ஒளிக்கேற்ப மாறும்) மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் ரேஞ்சில் அளந்து விகிதத்தைக் குறித்துவையுங்கள். பூசியவுடன், தூசி படியுமுன், மறுபடி அளக்க வேண்டும்: பூச்சே எவ்வளவு ஒளியைத் தின்கிறது என்பது அப்போதுதான் தெரியும். அதன்பின் வாரம் ஒருமுறை. கழுவும்போது இரண்டுக்கும் ஒரே அளவு நீர் ஊற்றி, முன்னும் பின்னும் அளவெடுங்கள். பூச்சு தின்னும் ஒளி தூசி தடுக்கும் ஒளியைவிட அதிகமென்று தெரிந்தால் அதையும் அப்படியே ரிப்போர்ட்டில் எழுதுங்கள். எந்தப் பைண்டர் அளவில், எத்தனை கழுவலுக்குப் பின் என்ற கணக்கோடு.