ரிட்டயர் ஆன அப்பா ரோந்து போகலாமா?

கேள்வி: அப்பா போலீஸில் எஸ்.எஸ்.ஐ.யாக (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குப்பத்தில் ராத்திரியானால் பைக் திருட்டு, கஞ்சா தொல்லை. "கனடாவில் ரிட்டயர் ஆன போலீஸை ஒதுக்குப்புற ஊர்களுக்குக் கூப்பிட்டுக்கொள்கிறார்களே, நானும் நம்ம பையன்களோடு ரோந்து போகிறேன்" என்கிறார். பழைய லத்தியைக்கூடத் தேடி எடுத்துவிட்டார். விடலாமா?
- வாசகி, எண்ணூர்

பதில்: அப்பாவின் மனசு எனக்குப் பிடித்திருக்கிறது, சகோதரி. ஆனால் லத்தியோடு அனுப்பாதீர்கள்.

கனடா விஷயம் உண்மைதான். அங்கே வடக்கில் நூனவுட் பகுதியில் 25 ஊர்கள். ஒன்றுக்கொன்று சாலையே கிடையாது, விமானத்தில்தான் போக வேண்டும். சின்ன ஊர்களில் இரண்டு மூன்று போலீஸார்தான். ஒருவர் லீவில் போனால் மற்றவர் பாடு திண்டாட்டம். அந்த இடத்தை நிரப்பத்தான் ஓய்வு பெற்றவர்களை ரிசர்வில் வைத்திருக்கிறார்கள். முறையான நியமனம், சம்பளம், அதிகாரம் எல்லாம் உண்டு. தப்பு செய்தால் பதிலும் சொல்லியாக வேண்டும்.

அப்பா கையில் அப்படி எந்த உத்தரவும் இல்லையே! சட்டப்படி இன்று அவர் நம்மைப்போல ஒருவர். ஜாமீனில் விட முடியாத பெரிய குற்றம் கண்ணெதிரே நடந்தால் ஆளைப் பிடிக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். சந்தேகத்தின் பேரில் வண்டியை மறித்துச் சோதனை போட அவருக்கு உரிமை இல்லை. கூட வரும் பையன் ஒருவன் கைநீட்டிவிட்டால் கேஸ் அப்பா மேலும் பாயும். சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் இறந்த சம்பவத்துக்குப் பிறகு, 2020-ல், போலீஸுக்குத் துணையாக இருந்த பொதுமக்களின் 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்பையே அரசு தடை செய்ததை அவரே அறிவார்.

அதற்காக வீட்டில் உட்கார வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு உங்கள் எண்ணூரில் உர ஆலைக் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்தபோது, மூச்சுத் திணறிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்களே, அந்த நேரத்தில் பதறாமல் கூட்டத்தை வழிநடத்தத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் வேண்டும். அதற்கு எந்த அதிகாரமும் தேவையில்லை.

அப்புறம், புகார். பைக்கைத் தொலைத்தவர் ஸ்டேஷனுக்குப் போனால் "இது எங்க லிமிட் இல்ல" என்ற பதில்தான் பல நேரம் கிடைக்கிறது. 2024 ஜூலையில் அமலான புதிய சட்டப்படி எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கியாக வேண்டும். அப்பா கூடப் போகட்டும். தேதி, நேரம், வண்டி நம்பர் எதுவும் விடுபடாமல் மனு எழுதிக் கொடுத்து, புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் வாங்கும்வரை நகராமல் இருக்கட்டும். முப்பது வருஷ சர்வீஸ் அங்கேதான் பேசும்.

ரிசர்வ் முறை இங்கேயும் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். தேர்தல் பாதுகாப்புக்கு ஓய்வு பெற்ற போலீஸாரை அழைக்கிறார்கள். மற்ற நாட்களில் ஏன் கூடாது? அவரைப் போன்றவர்கள் நாலு பேர் சேர்ந்து கமிஷனர் அலுவலகத்தில் மனு கொடுக்கட்டும். எழுத்து மூலமான உத்தரவும், எந்த இன்ஸ்பெக்டரின் கீழ் வேலை என்பதும் முதலில் முடிவாகட்டும். சம்பளத்தை அப்புறம் பேசலாம்.