முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் ரோமில் மூன்று நாட்கள்

கேள்வி: அக்டோபரில் 72 வயது அப்பா, 68 வயது அம்மாவுடன் ரோமில் மூன்று நாட்கள் தங்கப்போகிறோம். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். அரை மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் நடக்க முடியாது. மூவருமே சைவம். எங்கள் பட்டியலில் 22 இடங்கள் இருக்கின்றன. எப்படித் திட்டமிடுவது? – கோவை வாசகி

பதில்: முதல் வேலையாக அந்த 22 இடங்களை ஆறாகக் குறையுங்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று போதும். நடுவில் அறைக்குத் திரும்பி அம்மா இரண்டு மணி நேரம் கால் நீட்டிப் படுக்க வேண்டும். அதனால்தான் வாடகை கூடுதலானாலும் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில், நவோனா சதுக்கம் பக்கம் தங்கச் சொல்கிறேன். அங்கே தரை பெரும்பாலும் சமதளம். பழைய கட்டடங்களே அதிகம் என்பதால் லிப்ட் உண்டா, லிப்ட்டுக்கு முன்னால் எத்தனை படிகள் என்று கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள். தெருக்களில் பதித்திருக்கும் கருங்கற்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும். அம்மாவுக்குத் தடித்த அடிப்பாகம் கொண்ட ஷூ அவசியம், செருப்பு வேண்டாம். சாலையில் கைகாட்டி டாக்சியை நிறுத்துவதும் அங்கே எளிதல்ல. அருகிலுள்ள டாக்சி நிறுத்தம் எது என்று விடுதியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலை கொலோசியம். கி.பி. 80இல் திறக்கப்பட்ட அரங்கம். லிப்ட் இருப்பதால் அம்மாவும் மேல்தளத்தைப் பார்க்கலாம். அதே டிக்கெட்டில் பக்கத்திலுள்ள ரோமன் ஃபோரத்துக்கும் (பழைய ரோமின் பொதுச் சதுக்கத்தின் இடிபாடுகள்) போகலாம், ஆனால் அதன் கரடுமுரடான பாதைகளில் அம்மாவை நடக்கவிடாதீர்கள். மாலையில் டாக்சியில் கேபிடோலைன் குன்றின் உச்சிக்குப் போய், நகரமன்றக் கட்டடத்தின் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஃபோரம் முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். அந்தக் காட்சி உள்ளே நடப்பதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

நீங்களும் அப்பாவும் ஃபோரத்துக்குள் போனால் மாக்சென்ஷியஸ் மண்டபத்தின் பிரம்மாண்டமான வளைவுகளின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். பேரரசர் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்கு இருந்த இடத்தில்தான் அந்த மண்டபம் எழுந்தது. முசிறித் துறைமுகத்துக்குப் பொன்னோடு வந்த யவனர் கப்பல்கள் மிளகோடு திரும்பியதைச் சங்கப்பாடல் சொல்கிறது. அந்த மிளகு போய்ச் சேர்ந்த ஊரில் நிற்கிறீர்கள்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஓர் இடத்தை நான் சேர்க்கிறேன். கொலோசியத்திலிருந்து சில நிமிட நடையில் சான் கிளெமெந்தே தேவாலயம். மேலே 12ஆம் நூற்றாண்டுக் கோயில், பொன்னொளிரும் மொசைக். அதன் அடியில் 4ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். அதற்கும் அடியில் முதல் நூற்றாண்டு ரோமானியக் கட்டடங்களும், மித்ரா தெய்வத்தை வழிபட்ட ஒரு சிறு கூடமும். 1857இல் ஜோசப் முல்லூலி என்ற ஐரிஷ் துறவி தோண்டத் தொடங்கியதால் வெளிப்பட்டவை இவை. கீழே இறங்கினால் சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். ரோமில் ஒன்றின் தலைமேல் இன்னொன்று ஏறி நிற்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் எனக்கு வேறு தெரியாது. இறங்கப் படிகள் நிறைய. அம்மா மேல்கோயிலில் அமர்ந்து மொசைக்கைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ரோமில் பல தேவாலயங்களை நண்பகலில் மூடிவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

இரண்டாம் நாள் வத்திக்கான். அது ஞாயிறாகவோ புதனாகவோ இருக்கக்கூடாது. மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் அருங்காட்சியகம் கிடையாது. கடைசி ஞாயிறு இலவசம் என்பதால் கூட்டம் நெருக்கித் தள்ளும். புதன் காலைகளில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடக்கும். அருங்காட்சியகத்தில் நடை மிக நீளம், மைக்கலாஞ்சலோவின் ஓவியங்கள் உள்ள சிஸ்டைன் சிற்றாலயம் கடைசியில்தான் வரும். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேளுங்கள், தயங்க வேண்டாம். புனித பேதுரு பேராலயத்துக்குக் கட்டணம் இல்லை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், புடவை கட்டியவர் ஒரு சால்வை வைத்துக்கொண்டால் போதும்.

மூன்றாம் நாள் பாந்தியன். 43 மீட்டர் குறுக்களவுள்ள அந்தக் குவிமாடத்தில் இரும்புக்கம்பி கிடையாது. ஏறத்தாழ 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. உள்ளே உட்கார்ந்து, உச்சித் துளை வழியே விழும் வெயில் சுவரில் நகர்வதைப் பாருங்கள். அன்று வேறெதையும் திட்டத்தில் வைக்காதீர்கள்.

சாப்பாட்டில் அவ்வளவு சிரமம் இல்லை. மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ மட்டும்தான். அங்கேயே பிறந்த காச்சோ எ பேப்பே பாஸ்தாவில் சீஸும் மிளகும்தான், ஆனால் அந்த பெக்கொரினோ சீஸை உறையவைக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள். கண்டிப்பான சைவம் என்றால் தவிர்த்துவிடுங்கள். தெருவோரக் குழாய்களில் வரும் தண்ணீர் நல்ல குடிநீர்.

இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்ய முடியாத எதற்கும் பணம் கட்டாதீர்கள். கொலோசியம் டிக்கெட்டில் பெயர் அச்சாகும், நுழைவாயிலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். நம் பக்கம் இன்ஷியல் ஓரிடத்தில் சுருக்கமாகவும் இன்னோரிடத்தில் அப்பா பெயராக விரிந்தும் இருக்கும். மூவரின் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே எழுத்து மாறாமல் பதிவு செய்யுங்கள்.