‘மூன்று பெர்சன்டைல்’ வாங்கிய மாணவன்

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். சென்ற மாதம் பள்ளியில் மருத்துவ முகாம் நடந்தது. உயரம், எடை, பக்கத்திலேயே பெர்சன்டைல் எல்லாம் எழுதிய அட்டையை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்தார்கள். ஒரு மாணவனின் அட்டையில் உயரத்துக்கு நேரே 3 என்று இருந்தது. ‘நூற்றுக்கு மூன்று மார்க்’ என்று வகுப்பே சிரித்தது. இப்போது அதுவே அவனுக்குப் பட்டப்பெயர். அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டான். அடுத்த மாதம் புள்ளியியல் பாடம் வருகிறது. பிள்ளைகளையே அளந்து, உயரப்படி வரிசையில் நிறுத்தி, பெர்சன்டைலைப் புரியவைக்கலாமா?
– ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

வரிசையில் நிறுத்த வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம். உங்கள் நல்ல மனம் கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் உயரப்படி நிறுத்தினால் அந்தப் பையன் மறுபடியும் ஓரத்தில்தான் நிற்பான். இம்முறை டீச்சர் சொல்லி நிற்பான். குழந்தைநல மருத்துவராக இத்தனை வருடம் இருந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, அந்த வயதில் பிறர் கண் முன்னால் கேட்ட எண்ணைப் பிள்ளைகள் எளிதில் மறப்பதில்லை.

அவர்கள் சிரித்ததில் ஒரு நியாயமான குழப்பமும் இருக்கிறது. சதவீதம், பெர்சன்டைல் இரண்டும் காதில் ஒன்றுபோலவே விழுகின்றன. பாடநூல் தரும் ‘நூற்றுமானம்’ என்ற சொல் நல்ல சொல். அதையே வகுப்பில் பயன்படுத்துங்கள். நீட் செய்திகளில் அடிபடுவதால் பெர்சன்டைல் என்றாலே மார்க் என்ற எண்ணம் வீடுகளில் ஊறிவிட்டது. 2023-இல் முதுநிலை நீட் தேர்வின் தகுதி அளவைப் பூஜ்ஜியம் பெர்சன்டைலாகக் குறைத்தபோது, பூஜ்ஜியம் மார்க் வாங்கினாலும் போதுமா என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். பூஜ்ஜியம் பெர்சன்டைல் என்பது வரிசையின் கடைசி இடம். அந்த இடத்தில் இருப்பவர் வாங்கிய மார்க் என்ன என்பது வேறு கேள்வி. உங்கள் மாணவனின் 3 என்பதும் இடம்தான். அவன் வயதுள்ள நூறு பையன்களை நிறுத்தினால் ஏறக்குறைய மூன்று பேர் அவனைவிடக் குட்டையாகவும், மற்றவர்கள் உயரமாகவும் இருப்பார்கள். அந்த எண் சொல்வது அவ்வளவுதான்.

இதைப் புரியவைக்கப் பிள்ளைகளின் உடம்பு தேவையில்லை, புங்க இலை போதும். ஒரே மரத்திலிருந்து நன்றாக முற்றிய இலைகளாக நூறு பறித்து வரச் சொல்லுங்கள். காம்பை விட்டுவிட்டு நுனி வரை மில்லிமீட்டரில் அளந்து, தாழ்வாரத்தில் சிறியதிலிருந்து பெரியது வரை அடுக்கட்டும். ஒரே மரம், முற்றிய இலை என்ற இரண்டையும் விட்டுவிடாதீர்கள். கொழுந்தையும் முற்றலையும் கலந்தால் அந்த வரிசைக்குப் பொருளே இல்லை. பெர்சன்டைல் பார்க்க மருத்துவர்கள் வைத்திருக்கும் வளர்ச்சி அட்டவணையை ஒரே வயது, ஒரே பாலினம் என்று பிரிப்பதும் இதனால்தான்.

அடுக்கி முடித்ததும் மூன்றாவது இலையைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பச்சையாக, நரம்பு தெளிவாக, முழு இலையாகவே இருக்கும். பூச்சி அரித்த இலை ஒன்று ஐம்பதாவது இடத்திலும் கிடக்கலாம். பிறகு கேளுங்கள்: ‘மரத்துக்கு நன்றாக உரமும் நீரும் வைத்தோம், எல்லா இலையும் பெரிதாகிவிட்டது, அப்போது மூன்றாவது இடம் காலியாகிவிடுமா?’ பிள்ளைகள் சற்று நேரம் யோசிப்பார்கள். அந்த யோசனைக்கு நேரம் கொடுங்கள், விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். நூறு இலை இருக்கும்வரை ஏதோ ஓர் இலை மூன்றாவதாக இருந்தே தீரும் என்று அவர்களில் ஒருவரே சொல்ல வேண்டும்.

நடுவில் இருக்கும் இலைகளையும் பார்க்கட்டும். நாற்பத்தைந்தாவதுக்கும் ஐம்பத்தைந்தாவதுக்கும் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது; ஓரங்களில் இரண்டு இடம் தள்ளினாலே கண்ணுக்குத் தெரியும். வரிசையின் நடுவே நெரிசல், ஓரத்தில் இடைவெளி. போன வருடம் 55, இந்த வருடம் 48 என்று பதறிக்கொண்டு வரும் பெற்றோருக்கு நான் சொல்வதும் இந்த நெரிசலைப் பற்றித்தான். ஐம்பதாவது நூற்றுமானமும் நீங்கள் நடத்தப்போகும் ‘இடைநிலை அளவும்’ ஒன்றே என்பதால் பாடத்துக்குள் நுழைய வாசலும் கிடைத்துவிடும்.

நேரம் இருந்தால் இன்னொன்றையும் சொல்லுங்கள். லண்டனில் 1884-இல் நடந்த சுகாதாரக் கண்காட்சியில் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் ஓர் அளவைக் கூடம் வைத்து, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை அளந்தார். பெர்சன்டைல் என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே. மனிதர்களில் உயர்ந்த வித்து, தாழ்ந்த வித்து என்று பிரிக்க முயன்ற ‘யூஜெனிக்ஸ்’ என்ற கொள்கைக்குப் பெயர் வைத்தவரும் அவரே. இடத்தைக் காட்டப் பிறந்த எண்ணைத் தரம் பிரிக்க எடுத்துக்கொள்ளும் தவறு அன்றே தொடங்கிவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது புரியும்.

இரண்டாவது பாடவேளைக்கு ஒரு பையனின் கணக்கைத் தருகிறேன். அவன் பிறந்தது 1759-இல், பிரான்சில். அவன் தந்தை மோன்பெய்யார் பிரபு ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை, 1777 வரை மகனின் உயரத்தைக் குறித்துவைத்தார். அவருடைய நண்பரும் இயற்கையியலாளருமான பஃபோன் அதைத் தம் இயற்கை வரலாற்று நூலில் வெளியிட்டார். 1927-இல் ரிச்சர்ட் ஸ்காமன் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் அதைச் சென்டிமீட்டருக்கு மாற்றி வரைபடமாக்கினார். ஒரே பிள்ளையைத் தொடர்ந்து அளந்த மிகப் பழைய பதிவுகளில் ஒன்று இது. கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்: 10 வயதில் 141.9 செ.மீ., 12-இல் 149.9, 13-இல் 155.3, 14-இல் 162.9, 15-இல் 175.0, 17-இல் 184.6. பக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணையில் பையன்களுக்கான இடைநிலை அளவையும் அதே வரிசையில் எழுதுங்கள்: 137.8, 149.1, 156.0, 163.2, 169.0, 175.2.

கிராப் தாளில் இரண்டு கோடுகளையும் பிள்ளைகளே வரையட்டும். பத்து வயதில் அவன் நடுக்கோட்டுக்கு நான்கு சென்டிமீட்டர் மேலே இருக்கிறான். பன்னிரண்டில் கோட்டை ஒட்டி நிற்கிறான். பதின்மூன்றிலும் பதினான்கிலும் கோட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கிவிடுகிறான். மற்றவர்கள் அதற்குள் வளரத் தொடங்கிவிட்டார்கள், இவன் இன்னும் முழு வேகம் எடுக்கவில்லை. அடுத்த ஒரே வருடத்தில் 12 சென்டிமீட்டர். பதினேழில் நடுக்கோட்டைவிட ஒன்பது சென்டிமீட்டருக்கும் மேலே போய்விட்டான். பதின்மூன்று வயதில் அவன் கையில் ஓர் அட்டையைக் கொடுத்திருந்தால், ‘பின்தங்குகிறான்’ என்று யாராவது எழுதியிருப்பார்கள்.

பெண் பிள்ளைகளின் எண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அதே அட்டவணையில் 12 வயதில் இடைநிலை 151.2, பையன்களைவிட அதிகம். 14-இல் 159.8, பையன்களைவிடக் குறைவு. ஏழாம் வகுப்பில் பையன்களைவிட வளர்ந்து, கூனிக்கொண்டு நடந்த சிறுமிகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். அவர்கள் இந்த இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும்.

எடையை வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டாம். எடையில் 97-ஐப் பார்த்து ‘நல்ல மார்க்’ என்று மகிழும் பெற்றோரையும் பார்த்திருக்கிறேன், 40-ஐப் பார்த்துச் சோற்றைக் குறைக்கும் சிறுமியையும் பார்த்திருக்கிறேன். அதைத் தனியறையில்தான் பேச வேண்டும்.

இனி அந்த மாணவன். முதலில் அந்த 3 சரிதானா என்று பாருங்கள். ஒரு முகாமில் இரட்டைப் பின்னலை மடித்து ரிப்பன் கட்டிய சிறுமிகளை அப்படியே அளந்துகொண்டிருந்தார்கள். அளவுப் பலகை மண்டையில் படவே இல்லை, பின்னலின் மேல் உட்கார்ந்திருந்தது. அவிழ்க்கச் சொல்லி ஒரு பெண்ணை மறுபடி அளந்தேன், இரண்டு சென்டிமீட்டர் குறைந்தது. பையன்களுக்குச் செருப்பு உயரத்தைக் கூட்டிக் காட்டும், வளைந்த முழங்கால் குறைத்துக் காட்டும், நிமிர்ந்த மோவாயும் அளவைப் பிழையாக்கும். வெறுங்கால், குதிகாலும் முதுகும் சுவரில், பார்வை நேராக, தலைமேல் மட்டமாக ஒரு பலகை. காலையில் இருக்கும் உயரம் மாலைக்குள் ஒரு சென்டிமீட்டர் வரை குறையும் என்பதால் நேரத்தையும் குறித்துவையுங்கள். எந்த அட்டவணையை வைத்துப் பார்த்தார்கள் என்றும் கேளுங்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015-இல் 5 முதல் 18 வயது வரை நம் பிள்ளைகளுக்கென்றே ஓர் அட்டவணை வெளியிட்டது. அதில் ஓர் இடத்தில் இருக்கும் பிள்ளை, உலக அட்டவணையில் வேறு இடத்தில் இருப்பான்.

பிறகு அவன் அம்மா அப்பாவின் உயரத்தைக் கேளுங்கள். இருவர் உயரத்தையும் சென்டிமீட்டரில் கூட்டி, பையனுக்கு 13 சேர்த்து, பாதியாக்கினால் குடும்பத்தின் போக்குப்படி அவன் பெரியவனானதும் எட்டக்கூடிய உயரம் தெரியும். அப்பா 160, அம்மா 148 என்றால் 160.5, அதற்கு மேலும் கீழும் எட்டு சென்டிமீட்டர் போல இடம் விட வேண்டும். ‘நான் பத்தாவது முடித்த பிறகுதான் வளர்ந்தேன்’ என்று அப்பா சொன்னால் அதுவும் பெரிய தகவல்.

ஆனாலும் அவனை ஒருமுறை குழந்தைநல மருத்துவரிடம் அனுப்புங்கள். வளர்ச்சி வரைபடத்தில் ஒவ்வொரு கோடும் ஒரு நூற்றுமானம்; மூன்றாவது நூற்றுமானக் கோட்டின் ஓரத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் நலமாகவே இருப்பார்கள், ஆனால் தைராய்டு குறைவோ நாள்பட்ட நோயோ சிலரிடம் ஒளிந்திருக்கும். பழைய அட்டைகள் இருந்தால் எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஒரே கோட்டை ஒட்டி வந்தவனைவிட, மேலிருந்து இரண்டு கோடுகளைத் தாண்டி இறங்கியவனைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை. பதினான்கு வயதாகியும் பருவ மாற்றம் எதுவும் தொடங்கவில்லை என்றாலும் காட்ட வேண்டும். இடது கை எக்ஸ்ரே ஒன்று, எலும்பு இன்னும் எவ்வளவு வளர இடம் வைத்திருக்கிறது என்று சொல்லிவிடும். விளம்பரத்தில் வரும் ‘உயரப் பவுடர்’களுக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்று வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.

கிழிந்த அட்டைக்குப் பதில் நீங்களே ஒரு கிராப் தாளை அவனுக்குக் கொடுங்கள். யாரும் இல்லாத நேரத்தில் அளந்து, முதல் புள்ளியை அவன் கையாலேயே வைக்கச் சொல்லி, கீழே தேதி எழுதுங்கள். தாள் அவனிடமே இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து அவனாகவே அதை எடுத்துக்கொண்டு வந்தால், எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.