வேட்டுச் சத்தம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தொண்டிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. வட்டிப் பாக்கிக்காக என் அப்பாவின் வல்லப் படகை வலையோடு இழுத்துக்கொண்டுபோன சம்மாட்டி (படகு முதலாளி) போன வாரம் இறந்துபோனார். சேதி வந்ததும் பையன்கள் ஆயிரம் வாலா கொளுத்தினார்கள். பாடை கிளம்பிவிட்டது என்று நினைத்துப் பக்கத்துத் தெருக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்றார்களாம். நானும் சிரித்தேன். மறுநாள் காலையில் அவருடைய பேரன் அந்தக் காகிதக் குப்பையில் வெடிக்காத வெடிகளைப் பொறுக்கி டவுசர் பையில் போட்டுக்கொண்டிருந்தான். அதிலிருந்து மனசு சரியில்லை. நான் செய்தது தப்பா? பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

சந்தோஷம் வந்ததில் தப்பில்லை. எங்கள் நிலத்தைப் பொய்ப் பத்திரம் போட்டு எழுதிக்கொண்ட ஒருவர் இறந்த அன்று நான் இழவுக்குப் போகவில்லை. ராத்திரி இரண்டு இட்லி கூடுதலாகவே சாப்பிட்டேன். அதற்காகப் பெரிதாக வெட்கப்படவும் இல்லை.

ஆனால் தெருவில் வெடிப்பது வேறு. செத்தவர் காதில் அது விழாது, உள்ளே உட்கார்ந்து அழுகிறவர்கள் காதில்தான் விழும். 2009 மே மாதம் பிரபாகரன் இறந்த சேதி வந்ததும் கொழும்புத் தெருக்களில் பட்டாசு வெடித்துப் பாற்சோறு கொடுத்தார்கள். அவரைத் திட்டிக்கொண்டே இருந்த எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கூட அன்று டிவியை அணைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். 2011 மே மாதம் பின்லேடன் கொல்லப்பட்ட ராத்திரி வெள்ளை மாளிகை வாசலில் கொடியோடு கூட்டம் ஆடியது. ஏறக்குறைய 3,000 பேரைப் பறிகொடுத்த நாடு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே இருந்திருந்தால் கூட ஆடியிருப்பேனா என்றால், அதுவும் மாட்டேன்.

தீபாவளிக்கு நரகாசுரனைச் சொல்லி வெடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். சரிதான். நரகாசுரனின் பேரன் நம் தெருவில் இல்லையே. அப்புறம், ராவணனைக் கொன்ற பாவம் தீர ராமர் பூஜித்த லிங்கம் என்றுதான் ராமேஸ்வரத்துத் தலபுராணமே சொல்கிறது. பெண்டாட்டியைத் தூக்கிப்போனவனைக் கொன்றதற்கே பரிகாரம். (ராவணன் பிராமணன் என்பதால் வந்த தோஷம் அது என்பார்கள். அந்தக் கணக்கை இன்னொரு நாள் பேசலாம்.)

காரியத்துக்குப் போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். நான் போகச் சொல்லமாட்டேன், வல்லம் போனது உங்கள் அப்பாவுக்கு. எனக்கு அந்தப் பையன்தான் கண்ணில் நிற்கிறான். திரி பாதி எரிந்த வெடி, பற்றவைத்தால் கையிலேயே வெடித்துவிடும். அவன் பையிலிருந்து அதை வாங்கிப் போட்டீர்களா? கடிதத்தில் அதைக் காணோமே.