பண்ணை பெரிதாகிறது, கிணறு என்னாகும்?

கேள்வி: எங்கள் ஊர் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. ஊருக்கு மேற்கே மேட்டுப் பக்கம் 60,000 முட்டைக்கோழிகளோடு ஒரு பண்ணை. இப்போது இன்னும் ஒரு லட்சம் கோழிக்கு ஷெட் போட அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். புதிதாக இரண்டு போர்வெல்லும் போட்டாயிற்று. ஊர்க்கிணற்றுத் தண்ணீர் ஒரு வருடமாகவே சரியில்லை. ஊரே கையெழுத்துப் போட்டு ஆட்சியரிடம் மனு கொடுத்தும் பலனில்லை. கருத்துக் கேட்புக் கூட்டம் வரும் என்று காத்திருக்கிறோம். வீட்டில் மூன்று மாதப் பேத்தி வேறு இருக்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: அந்தக் கூட்டம் வராது, காத்திருக்காதீர்கள். சுரங்கம், சிமென்ட் ஆலை போன்றவற்றுக்குக் கருத்துக் கேட்பு நடத்தச் சொல்லும் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் கோழிப்பண்ணையே கிடையாது. பல ஊர்கள் இப்படிக் காத்திருந்தே ஆறு மாதத்தைத் தொலைத்திருக்கின்றன. அந்த ஆறு மாதம் ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய மனு நகலைப் பார்த்தேன். நாற்றம், ஈ, லாரி போக்குவரத்து என்று முக்கால் பக்கம். தண்ணீர் கடைசி இரண்டு வரியில் வருகிறது. இதே மாதிரி மனுவோடு வந்த ஊர் ஒன்றை எனக்குத் தெரியும். அதிகாரி ஆய்வுக்கு வரும் நாள் பண்ணைக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. ஷெட்டைச் சுற்றிச் சுண்ணாம்பும் ப்ளீச்சிங் பவுடரும் தூவி, ஈ மருந்து அடித்து, துளசி வனம்போல ஆக்கிவிட்டார்கள். ‘குறிப்பிடத்தக்க நாற்றம் இல்லை’ என்று எழுதிக் கோப்பை மூடியாயிற்று. நாற்றத்தை ஒரே நாளில் மறைத்துவிடலாம். எருவின் தழைச்சத்து மண்ணில் மாறி உண்டாகும் நைட்ரேட் நிலத்தடி நீரில் இறங்கிவிட்டால் அதை அப்படி மறைக்க முடியாது.

அதனால் கணக்கோடு பேசுங்கள். முட்டைக்கோழி ஒன்று நாளுக்குக் கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும், கோடையில் இன்னும் கூடும். 1,60,000 கோழிக்கு 40,000 லிட்டர். தலைக்கு 55 லிட்டர் என்ற அரசுக் குடிநீர்க் கணக்குப்படி பார்த்தால் 700 பேருக்கு மேல் வரும். கேட்கப் பெரிதாக இருந்தாலும் பக்கத்துத் தோட்டக்காரர் வயலுக்குப் பாய்ச்சும் தண்ணீரோடு ஒப்பிட்டால் இது மலைக்க வேண்டிய அளவில்லை. பண்ணைக்காரரின் வக்கீலும் இதைத்தான் முதலில் சொல்வார். நீங்கள் பிடிக்க வேண்டியது எருவை. கோழிக்கு நாளுக்கு 100 கிராம் எச்சம் என்றாலும் 16 டன். அதில் உள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய 200 கிலோ, அதாவது நாள்தோறும் பத்து மூட்டை யூரியா. ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போகும். மீதி எங்கே போகிறது என்பதுதான் உங்கள் வழக்கு.

நம் பகுதியில் அது கீழே போக வழி தாராளமாக இருக்கிறது. மேலே செம்மண், அதற்குக் கீழே சிதைந்த கல், அப்புறம் கடும்பாறை. தண்ணீர் அந்தப் பாறை வெடிப்புகளில்தான் ஓடுகிறது. மணல் பூமியில் நடக்கும் அளவுக்கு அங்கே வடிகட்டல் நடக்காது. உங்கள் வீட்டுப் போர்வெல்லில் கேசிங் பைப் (மேல்மண் சரியாமல் இறக்கும் குழாய்) எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்று போர் போட்டவரைக் கேளுங்கள். செலவைப் பார்த்து இருபது அடியோடு நிறுத்தியிருந்தால், மேல்மண்ணில் ஊறிய தண்ணீர் குழாயை ஒட்டியே கீழே இறங்கிவிடும். அது உங்கள் வீட்டுக் குற்றம், அதை முதலில் சரிசெய்யுங்கள்.

இனி பரிசோதனை. புது ஷெட்டில் கோழி இறங்குவதற்கு முன்பே இது நடந்தாக வேண்டும். பிறகு எடுத்தால் ‘முன்னாடியே இப்படித்தான் இருந்தது’ என்பார்கள், உங்களிடம் பதில் இருக்காது. ஊர்க்கிணற்றில் மட்டும் எடுத்தாலும் போதாது. பண்ணைக்கு மேல்புறம், மேட்டில் ஒரு கிணறு. கீழ்ப்புறம் தூரம் கூட்டிக்கொண்டே மூன்று கிணறு. மேலே நைட்ரேட் குறைவாகவும் கீழே அதிகமாகவும் வந்தால் அந்த வரிசையே பேசும். நாலிலும் ஒரே அளவு என்றால், காரணம் உங்கள் யூரியாவோ கழிப்பறைக் குழியோ ஆகவும் இருக்கலாம். அந்த முடிவையும் நேர்மையாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அப்புறம் பிடியுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்த்துவிட வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் செய்துதருவார்கள். நைட்ரேட், அம்மோனியா, குளோரைடு, பொட்டாசியம், ஈ-கோலி (மலக் கிருமி) என்று எழுதிக் கேளுங்கள். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம், அதில் தளர்வே இல்லை. 100 மில்லி நீரில் ஈ-கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. மே மாதம் ஒரு முறை, ஐப்பசி மழை ஓய்ந்து தையில் ஒரு முறை, அதே கிணறுகளில் எடுங்கள்.

காகிதப் பக்கம் வருவோம். முன்பு ஒரு லட்சம் கோழிக்குக் கீழே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எட்டிப் பார்க்காது. 2020 செப்டம்பரில், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்தச் சலுகையைக் கேள்வி கேட்ட பிறகு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நெறிமுறைகளைத் திருத்தியது. ஒரே இடத்தில் 25,000 கோழிக்கு மேல் இருந்தால் நிறுவவும் இயக்கவும் தனித்தனியாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை (அனுமதி) வேண்டும். ஒரு லட்சத்தைத் தாண்டினால் பெரிய பண்ணை. உங்கள் ஊர்ப் பண்ணை இந்த விரிவாக்கத்தால் அந்த வகைக்குள் போகிறது. 60,000க்கு வாங்கிய இசைவாணையை வைத்துக்கொண்டு 1,60,000 வளர்க்க முடியாது.

பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். இசைவாணை நகல், அதில் உள்ள கோழி எண்ணிக்கை, எருக்கிடங்குக்குத் தண்ணீர் இறங்காத தளமும் கூரையும் உண்டா, செத்த கோழிகளை எங்கே புதைக்கிறார்கள், குடிநீர்க் கிணறு எத்தனை மீட்டரில் இருக்கிறது எனக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். போர்களுக்கு நீர்வளத் துறை தடையின்மைச் சான்று தந்ததா என்பதற்குத் தனி மனு. உங்கள் குறுவட்டம் ‘அதிநுகர்வு’ (ஊறுவதைவிட அதிகமாக நிலத்தடி நீர் எடுக்கும் இடம்) பட்டியலில் இருந்தால் அந்தக் கேள்விக்குக் கனம் கூடும். (2003ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ச் சட்டத்தைக் காட்டி வாதாடாதீர்கள். அதை 2013லேயே ரத்து செய்துவிட்டார்கள். இன்னமும் அதை மேற்கோள் காட்டி மனு எழுதித் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.)

கிராம சபைத் தீர்மானமும் தேவைதான். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 இப்போது கிராம சபை நாள். ‘பண்ணை வேண்டாம்’ என்று ஒற்றை வரியில் எழுதினால் அது குப்பைக்குத்தான் போகும். கிணற்றுப் பெயர், தேதி, நைட்ரேட் அளவு, என்ன நிபந்தனை கேட்கிறீர்கள் என்று எழுதுங்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துக் கெவானி மாவட்டக்காரர்கள் மாட்டுப் பண்ணைகளோடு இப்படித்தான் மோதினார்கள். அங்கேயும் மேலே மெல்லிய மண், கீழே வெடிப்புப் பாறை, வீட்டுக் கிணறுகளில் சாணக் கிருமி. 2021 ஜூலையில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் பண்ணையை மூடச் சொல்லவில்லை. மாட்டு எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கவும், நிலத்தடி நீரைச் சோதிக்கக் கண்காணிப்புக் கிணறு போடச் சொல்லவும் சுற்றுச்சூழல் துறைக்கு அதிகாரம் உண்டு என்றது. கண்காணிப்புக் கிணறை நீங்களும் கேளுங்கள். இசைவாணையில் ஏறிவிட்டால் அது நின்று பேசும்.

இத்தனைக்கும் அசையாவிட்டால் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அஸ்திவாரம் தோண்டிய தேதியை இன்றே எழுதி, படம் எடுத்து வையுங்கள்.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் அந்தப் பண்ணையிலேயே டிராக்டர் டிராக்டராக எரு வாங்கித் தோட்டத்தில் கொட்டி வைத்திருக்கிறார்கள்? மழைக்கு முன் கிணற்று மேட்டில் குவித்த எருவும் அதே கிணற்றில்தான் இறங்கும். பண்ணைக்காரர் பங்காளியோ மாமன் மச்சானோ ஆகத்தான் இருப்பார், யார் எவ்வளவு வாங்கினார் என்று அவரிடம் நோட்டுப் புத்தகம் இருக்கும். முதலில் அந்தக் குவியல்களை அப்புறப்படுத்துங்கள்.

பேத்தி விஷயம் எதற்கும் காத்திருக்கக் கூடாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதை நைட்ரேட் கெடுக்கும். உதடும் நகமும் நீலம் பாய்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு ஏறும். தாய்ப்பால் மட்டும் என்றால் கவலை குறைவு. பால் பவுடர் கரைப்பதாக இருந்தால், பரிசோதனை அறிக்கை கைக்கு வரும்வரை ஊர்க்கிணற்றுத் தண்ணீரைத் தொடாதீர்கள். ஆர்.ஓ. தண்ணீரோ கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் ஆற்றுத் தண்ணீரோ பிடித்து, அதைக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுங்கள்.