கிராம்பு நாற்றுப் பையில் வெடிக்கும் செடி: பிடுங்கலாமா, விடணுமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கீரிப்பாறைப் பக்கம் கிராம்பு, நல்லமிளகு நாற்று போட்டு விற்கிறேன். மழை பிடித்ததிலிருந்து பைகளில் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளைப் பூச்செடி ஒன்று முளைக்கிறது. காயைத் தொட்டால் வெடித்து விதை முகத்தில் அடிக்கிறது. மகன் போனில் பார்த்துவிட்டு, "இது கார்டமைன் என்ற காட்டுச்செடி, பாதுகாப்பு நிலை மதிப்பிடப்படவில்லை என்று போட்டிருக்கு, அரிய செடி, பிடுங்கினால் கேஸ் வரும்" என்கிறான். தோட்டத்துக்கு மேலே ஓடைக்கரையிலும் இதே மாதிரிப் பூ, ஆனால் இலை மூன்று மூன்றாக இருக்கிறது. படங்கள் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யட்டும் ஐயா?

பதில்: பையில் இருப்பதைத் தாராளமாகப் பிடுங்குங்கள். ஓடைக்கரையில் இருப்பதைத் தொடாதீர்கள். பூ ஒரே மாதிரி இருந்தாலும் அவை இரண்டும் வேறு வேறு செடிகள்.

முதலில் பைச் செடி. நாலு இதழ் குறுக்காக நிற்கும் பூ, குச்சி மாதிரி மெல்லிய காய், மென்றால் கடுகுக் காரம் என்றால் கடுகுக் குடும்பம்தான். நம்ம ஊரில் கண்டதையெல்லாம் காட்டுக்கடுகு என்று சொல்லிவிடுவோம். நாய்க்கடுகுக்குப் பூ மஞ்சள், செடி பிசுபிசுக்கும். அந்தக் குழப்பம் உங்களுக்கு இல்லை, ஏனென்றால் காய் இப்படி வெடிப்பது கார்டமைனின் அடையாளம். காயின் இரண்டு ஓடுகளும் கண் இமைப்பதற்குள் சுருண்டு விதையை எறிகின்றன. கார்டமைனில் பல இனங்கள் உண்டு, அவற்றில் ஹிர்சூட்டா என்ற இனத்தில் அளந்து பார்த்தபோது, விதை புறப்படும் வேகம் விநாடிக்கு 10 மீட்டருக்கு மேல் இருந்தது. கண்ணில் பட்டால் சுள்ளென்றுதான் இருக்கும்.

நீங்கள் அனுப்பியதில் மூன்றாவது படம்தான் உருப்படியானது, பூவுக்குள் எட்டிப் பார்க்க முடிந்தது. மகரந்தத் தாள் ஆறு இருக்கிறது. ஹிர்சூட்டாவில் பெரும்பாலும் நாலுதான் இருக்கும். அதற்கு அடியில் இலைகள் வட்டமாகத் தரையோடு ஒட்டிக் கிடக்கும், இலையில் முடியும் தெரியும். உங்கள் செடியில் அடிவட்டம் இல்லை, இலையின் மேற்பக்கம் வழவழ என்றிருக்கிறது, தண்டு கொஞ்சம் வளைந்து வளைந்து போகிறது. இது கார்டமைன் ஒக்கல்ட்டா. கிழக்கு ஆசியப் பக்கத்துச் செடி, நாற்றுத் தொட்டிகளோடு ஐரோப்பா வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இதை வெகுகாலம் ஃப்ளெக்ஸுவோசா என்றே எழுதி வந்தார்கள். சரியான பெயர் ஒக்கல்ட்டா என்று 2016-ல்தான் தெளிவாக்கினார்கள். ஆகவே பழைய தாவர நூலைப் புரட்டினால் வேறு பெயர் இருக்கலாம், குழம்ப வேண்டாம்.

அப்புறம் அந்த 'மதிப்பிடப்படவில்லை'. இதைப் பார்த்துப் பயந்து எழுதியவர் நீங்கள் மட்டும் இல்லை. எந்த உயிரினம் எந்த அளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் உலகச் சிவப்புப் பட்டியலுக்காக அந்த இனத்தை யாரும் இன்னும் எடுத்து ஆராயவில்லை என்பதுதான் அதன் பொருள். அரிது என்றும் இல்லை, மலிவு என்றும் இல்லை. பள்ளியில் பரீட்சை எழுதாத பிள்ளையை ஃபெயில் என்று சொல்ல முடியுமா? வயல் வரப்பில் தினம் மிதிபடும் களைகளில்கூட மதிப்பிடப்படாதவை நிறைய உண்டு. அருகிய இனம், அழியும் நிலை என்பதெல்லாம் வேறு படிகள், அவற்றுக்கு எண்ணிக்கை, பரப்பு எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் பெயர் கொடுப்பார்கள்.

கேஸ் விஷயமும் அப்படித்தான். 1972 வனவுயிர்ச் சட்டத்தில் செடிகளுக்கென்று தனி அட்டவணை 1991 திருத்தத்தில்தான் வந்தது. அப்போது அதில் இருந்தவை ஆறு மட்டுமே: சைக்கஸ் என்ற ஈந்தில் ஒரு வகை, குடுவைச்செடி, நீல, சிவப்பு வாண்டா ஆர்க்கிட்கள் போன்றவை. அந்த ஆறில் கடுகுக் குடும்பச் செடி எதுவும் கிடையாது. உங்கள் சொந்தப் பையில் முளைத்த களையைப் பிடுங்க யாரிடமும் கேட்க வேண்டாம்.

ஆனால் ஓடைக்கரை காட்டு எல்லைக்குள் வந்தால் நிலைமை மாறிவிடும். கன்னியாகுமரி வனவுயிர்ச் சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் எந்தச் செடியையும் எடுக்கக் கூடாது, அது அரிதா இல்லையா என்ற பேச்சே அங்கே கிடையாது. உங்கள் படம் ஆடிப் போயிருக்கிறது. ஆனாலும் பல் வைத்த மூன்று சிற்றிலை தெளிவாகத் தெரிகிறது. மூன்றிலை என்றால் கார்டமைன் ஆப்பிரிக்கானாவின் சாயல். பெயர்தான் ஆப்பிரிக்கா, நீலகிரிச் சோலைகளிலும் இலங்கையிலும் ஈரநிழலில் தானாக வளரும் நம் மலைச்செடி அது. இத்தனை பரப்பில் இருப்பதால் இங்கே மட்டுமே உள்ள செடி என்று சொல்ல முடியாது. ஆனால் நிழலும் ஊற்று ஈரமும் போனால் அந்தக் கரையில் அது நிற்காது. ஓடையோரம் களைக்கொல்லி அடிக்காதீர்கள், கரைச் செடிகளைச் செதுக்காதீர்கள். இதுபோக ட்ரைக்கோகார்ப்பா என்று இன்னொன்று தென்னிந்தியாவில் உண்டு. அதன் காயிலேயே முடி இருக்கும், லென்ஸ் வைத்தால் தெரிந்துவிடும்.

பைகளுக்கு வருவோம். காய் பழுக்கும் முன்னால் பிடுங்குவதுதான் சூட்சுமம். முதல் பூவைப் பார்த்த வாரமே கை வையுங்கள், தாமதித்தால் ஒவ்வொரு செடியும் பக்கத்துப் பைகளுக்கெல்லாம் விதைத்துவிடும். நான் ஒருமுறை பிடுங்கிய செடிகளை நடைபாதையிலேயே குவித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து அள்ளினால் கைக்குள்ளேயே படபடவென்று வெடிக்கிறது. பிடுங்கிய பிறகும் காய் முற்றும். அதனால் நேராகச் சாக்குக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். விதை மேல்மண்ணில் வெளிச்சம் பட்டுத்தான் நன்றாக முளைக்கும். களை எடுத்த கையோடு பையின் மேல் ஒரு விரல் கனத்துக்கு உமி பரப்பினால் அடுத்த தலைமுறை வெகுவாகக் குறையும். நாற்றின் தண்டை ஒட்டி உமி குவியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அழுகல் வரும். ஆட்டுக்கு ஒரு பிடி போட்டால் ஒன்றும் ஆகாது, மருந்து அடித்த பைகளில் பிடுங்கியதை மட்டும் போடாதீர்கள்.

ஓடைச் செடியின் பெயரை உறுதியாகத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், கரை உங்கள் பட்டா நிலத்துக்குள்தானா என்று முதலில் பாருங்கள். உங்களுடையதுதான், செடியும் நிறைய நிற்கிறது என்றால், பூவும் காயும் உள்ள ஒன்றை வேரோடு எடுத்துச் செய்தித்தாளுக்குள் விரித்து வைத்து, மேலே கனம் ஏற்றிக் காயவிடுங்கள். தாளை தினம் மாற்ற வேண்டும். எடுத்த தேதி, இடம், பூவின் நிறம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி வையுங்கள், காய்ந்தபின் நிறம் போய்விடும். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியிலும், கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலும் உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது, அங்கே ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்கலாம். கரை வனத்துறை இடம் என்றால் படம் மட்டும் போதும்: பூவை நேராக ஒன்று, காயைப் பக்கவாட்டில் ஒன்று, இலையை முழுசாக ஒன்று. இந்தத் தடவை கை ஆடாமல் எடுக்கச் சொல்லுங்கள் மகனை.