எங்கே, எப்போது, எதைக் கொண்டு, எத்தனை பேர்: கார்டிஃப் முறை பற்றிக் கேள்வி பதில்

வேல்ஸில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது வருடம் நர்ஸாக இருந்தேன். மருத்துவமனை, போலீஸ், மாநகராட்சி மூன்றும் கைகோத்துக் குடிபோதை அடிதடியைக் குறைத்த 'கார்டிஃப் முறை' பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே.

சிஸ்டர், போலீஸிடம் இல்லாத என்ன தகவல் ஆஸ்பத்திரியில் இருக்கப்போகிறது?

நிறைய. ஜோனதன் ஷெப்பர்ட் என்பவர் வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் முகம், தாடை அறுவை சிகிச்சை நிபுணர். வார இறுதி இரவுகளில் உடைந்த தாடையும் கிழிந்த கன்னமுமாக வந்தவர்களுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தவர், அவர்களில் பெரும்பாலானோர் போலீஸ் கணக்கிலேயே வரவில்லை என்று கண்டுபிடித்தார். அடித்தவன் யாரென்று தெரியாது, தெரிந்தாலும் பயம், சில சமயம் முதலில் கை ஓங்கியதே இவர்தான். அப்புறம் யார் புகார் கொடுப்பார்கள்? ஆனால் தாடை உடைந்தவன் ஆஸ்பத்திரிக்கு வந்துதானே ஆகவேண்டும்.

அதனால் பெயர் பதியும் இடத்திலேயே நான்கு விஷயங்களைக் கேட்க ஆரம்பித்தார்கள். எங்கே நடந்தது (பப் என்றால் எந்த பப்), எப்போது, எதைக் கொண்டு அடித்தார்கள் (கையா, ஆயுதமா), அடித்தவர்கள் எத்தனை பேர். டாக்டரோ நர்ஸோ கேட்பதில்லை, வரவேற்பு ஊழியர்தான் கேட்பார். ஒரு நிமிடம்கூட ஆகாது. பெயர், முகவரியை எடுத்துவிட்டு, போலீஸிடம் இருக்கும் விவரத்தோடு சேர்த்து வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். 1997-ல் இதற்கென்று ஒரு கூட்டுக்குழு அமைந்தது. மருத்துவர், போலீஸ் அதிகாரி, மாநகராட்சி ஆள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்த வரைபடத்தைப் பார்ப்பார்கள்.

வரைபடம் பார்த்தால் சண்டை நின்றுவிடுமா?

நிற்காது. ஆனால் ரோந்துப் போலீஸ் எங்கே நிற்கவேண்டும், எத்தனை மணிக்கு நிற்கவேண்டும் என்று தெரியும். பப்கள் வரிசையாக இருக்கும் செயின்ட் மேரி தெருவில் வண்டிகளைத் தடுத்து, நடப்பவர்களுக்கு விட்டார்கள். நடைபாதையில் கூட்டம் இடித்துக்கொள்வதில்தான் பல சண்டைகள் தொடங்கும், நம் ஊர்த் திருவிழா மாதிரி. ஒரே கடையின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், உரிமம் கொடுத்த மாநகராட்சி அந்த உரிமையாளரிடம் பேசும். உரிமத்தைப் பற்றிய பேச்சு என்றால் யாருமே காது கொடுத்துக் கேட்பார்கள்.

கண்ணாடி டம்ளர் கதையையும் சொல்லிவிடுகிறேன். உடைந்த டம்ளரால் முகத்தில் குத்துவது அங்கே பெரிய பிரச்சினை. உறுதியூட்டிய கண்ணாடி, பிளாஸ்டிக் டம்ளர் என்று மாற்றச் சொன்னார்கள். ஆனால் 57 பார்களில் சிலவற்றுக்கு உறுதியூட்டிய டம்ளரும் மற்றவற்றுக்குச் சாதாரண டம்ளரும் கொடுத்துச் சோதித்தபோது, உறுதியூட்டியதை வாங்கிய பார்களில் ஊழியர்களின் காயம் குறைவதற்குப் பதிலாகக் கூடியது! சரியாக உறுதியூட்டாத சரக்கு, கையிலேயே உடைந்தது. ஷெப்பர்டும் அவரோடு இருந்தவர்களும் அந்த முடிவையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். இந்த ஆட்கள் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அதனால்தான்.

பலன் கிடைத்தது என்பதற்கு ஆதாரம் உண்டா? அரசாங்கத் திட்டம் எல்லாமே 'மாபெரும் வெற்றி'தானே.

நியாயமான சந்தேகம். கார்டிஃபை அதைப் போன்ற 14 பிரிட்டிஷ் நகரங்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2011-ல் வந்தது. வன்முறைக் காயத்தால் வார்டில் சேர்க்கப்படுபவர்கள், ஒரு லட்சம் பேருக்கு மாதம் 7 என்று இருந்தது கார்டிஃபில் 5 ஆனது. மற்ற நகரங்களில் அதே காலத்தில் 5 என்று இருந்தது 8 ஆனது.

இன்னொன்றையும் கவனியுங்கள். போலீஸ் பதிவு செய்த சிறிய அடிதடி கார்டிஃபில் கூடியிருந்தது. தோல்வி மாதிரித் தெரியும். சரியான இடத்தில் போலீஸ் நின்றதால், கைகலப்பு கத்திக்குத்து ஆவதற்கு முன்பே பிடித்தார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். போலீஸ் எண்ணை மட்டும் பார்த்திருந்தால் திட்டத்தையே மூடியிருப்பார்கள்.

நோயாளியின் ரகசியத்தைப் போலீஸுக்குக் கொடுப்பது சரியா அக்கா?

போவது இடமும் நேரமும்தான், ஆள் இல்லை. வழக்குப் போடுவதற்கான தகவல் இது கிடையாது.

குடித்துவிட்டு வீட்டில் அடிக்கிறவனை இது என்ன செய்யும்?

ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. இந்த முறையின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கருத்து. வீட்டுக்குள் நடப்பதற்குத் தெருவில் போலீஸ் நின்று என்ன பயன்? அதற்கு வேறு கூட்டம் வேண்டியிருந்தது, அதுவும் 2003-ல் கார்டிஃபில்தான் தொடங்கியது. உயிருக்கே ஆபத்தான நிலையில் இருக்கும் பெண்களைப் பற்றிப் போலீஸ், மருத்துவமனை, வீட்டுவசதித் துறை, குழந்தைகள் நலத் துறை எல்லாம் ஒன்றாக உட்கார்ந்து பேசும். இங்கே பெயரோடுதான் பேசுவார்கள், பெயர் இல்லாமல் அந்தப் பெண்ணைக் காப்பாற்ற முடியாது. தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள் என்றால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊருக்குச் சரி மேடம். இங்கே கடையை நடத்துவதே அரசாங்கம்.

உண்மைதான். 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். உரிமத்தைக் காட்டி மிரட்ட இங்கே தனியார் கடைக்காரர் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் நாம் முன்னால் இருக்கிறோம், யாரும் கவனிப்பதில்லை. ஜி.எச்.சில் அடிபட்டு வருகிறவருக்கு ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) எழுதுகிறார்கள் அல்லவா? 'தெரிந்த இரண்டு நபர்கள், இரவு 8 மணிக்கு, இந்த இடத்தில், கட்டையால் தாக்கியதாகச் சொல்கிறார்' என்று. கார்டிஃப் கேட்ட நான்கு கேள்விக்கும் பதில் அதிலேயே இருக்கிறது! அது வழக்குக் காகிதமாக ஸ்டேஷனுக்குப் போவதோடு சரி. ஒரு வருடத்து ஏ.ஆர். பதிவேட்டை எடுத்து, எந்தத் தெரு, எந்தக் கடைப் பக்கம், எத்தனை மணி என்று கூட்டிப் பார்ப்பது யாருடைய வேலையும் இல்லை.

நான் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் கிளார்க். எங்கிருந்து தொடங்குவது?

முதலில் உங்கள் மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அது இல்லாமல் பதிவேட்டைத் தொடாதீர்கள். பிறகு மூன்று மாதத்துப் பதிவை மட்டும் எடுங்கள். பெயரும் ஊரும் வேண்டாம், தேதி, கிழமை, மணி, இடம், ஆயுதம் போதும். 'பஸ் ஸ்டாண்டு அருகில்' என்று எழுதியிருப்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இனிமேல் வருகிறவர்களிடம் 'பஸ் ஸ்டாண்டில் எந்தப் பக்கம்?' என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கச் சொல்லிப் பாருங்கள்.